பதில்: பாடும்போது ஹெட்போனில் குரல் இரட்டிக்கிறது
ரெக்கார்டான ட்ராக் சுத்தமாக இருக்கிறது, பாடும்போது மட்டும் ஹெட்போனில் குரல் இரட்டிக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் மைக்கைச் சந்தேகப்பட வேண்டாம், புது கேபிளும் வேண்டாம் நண்பரே. மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கார்லெட் சோலோ பெட்டியில் டைரக்ட் மானிட்டரை (குரலை நேராக ஹெட்போனுக்கு அனுப்பும் ஸ்விட்ச்) போட்டிருப்பீர்கள். ரெக்கார்டிங் மென்பொருளான ரீப்பரிலும் மானிட்டரிங் (பாடுவதை அப்போதே திருப்பிக் கேட்கவைப்பது) ஓடுகிறது. ஒரே குரல் நேராக ஒரு தடவை, கம்ப்யூட்டரைச் சுற்றிவிட்டு ஒரு தடவை வருகிறது. ரீப்பரில் அந்த ட்ராக்கின் மானிட்டரிங்கை அணைத்துப் பாருங்கள்.

ரீப்பர் சேர்க்கும் ரிவெர்ப் (எதிரொலி போன்ற எஃபெக்ட்) கேட்டால்தான் பாட வரும் என்றால் (பலருக்கும் அப்படித்தான்) தலைகீழாகச் செய்யுங்கள்: டைரக்ட் மானிட்டரை அணைத்து, ஏசியோ டிரைவரில் (பெட்டியையும் கம்ப்யூட்டரையும் பேசவைக்கும் மென்பொருள்) பஃபரை, அதாவது ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கையை, 128க்கு இறக்குங்கள். 48,000 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 48,000 துணுக்குகள்) பஃபர் 1024 என்றால் உள்ளே வரவே 21 மில்லி விநாடி, வெளியே போக இன்னொரு 21. தாளம் நழுவத்தான் செய்யும். 128இல் ஒலி படபடவென்று வெடித்தால் 256 வையுங்கள். அப்புறம் மிக்ஸிங்குக்கு உட்காரும்போது மறுபடி 1024க்கே ஏற்றிக்கொள்ளலாம்.