எரிச்சலடைகிறவனின் கலை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சீன நடிகரும் இயக்குநருமான ஷூ ஜெங்கின் படங்களை அண்மையில் ஒரே மூச்சில் பார்த்தேன். நேரம் போதாததால் அவருடைய பழைய நகைச்சுவைப் படங்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். அவர் இயக்கிய ‘டையிங் டு சர்வைவ்’ என்னை அழ வைத்துவிட்டது. ஆனால் 2024இல் அவர் எடுத்த ‘அப்ஸ்ட்ரீம்’ படத்துக்காகச் சீனர்களே அவரைத் திட்டியிருக்கிறார்கள். பணக்காரர் ஏழையாக நடித்து ஏழைகளிடமே சீட்டுக் காசு வாங்குகிறார் என்கிறார்கள். சிரிக்க வைத்துப் பெயர் வாங்கிய நடிகர்கள் இயக்குநரானதும் ஏன் அழ வைக்கப் புறப்படுகிறார்கள்? இது பேராசையா, தாழ்வு மனப்பான்மையா? நம்மூர் நகைச்சுவை நடிகர்களுக்கும் இது பொருந்தும் அல்லவா?

அன்புடன்,
இரா., திருப்பூர்

அன்புள்ள இரா.,

ஷூ ஜெங்கைப் பற்றிச் சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்து சேர்ந்ததால்தான் இந்தப் பதில். இல்லாவிட்டால் ஒரு கலைஞனின் முப்பதாண்டு வாழ்க்கையைப் ‘பேராசையா, தாழ்வு மனப்பான்மையா’ என்ற இரண்டு சிமிழ்களுக்குள் அடைக்கப் பார்க்கும் கேள்விக்கு நான் பதில் எழுதியிருக்க மாட்டேன். நம்மூர் நடிகர்களோடு ஒப்பிடச் சொல்லும் வரியையும் தொடப்போவதில்லை. ஒரு மனிதரை அவருடைய ஊரிலேயே வைத்துப் பார்க்கப் பழகுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். 2018இல் வந்த ‘டையிங் டு சர்வைவ்’ படத்தை இயக்கியவர் வென் மூயே என்ற இளைஞர். அது அவருடைய முதல் முழுநீளப் படம். ஷூ ஜெங் அதில் கதாநாயகனாக நடித்தார், இயக்குநர் நிங் ஹாவோடு சேர்ந்து தயாரிப்பிலும் பங்கெடுத்தார். பெயர்ப் பட்டியல் ஓடும்போது எழுந்து போகிறவர்களிடம் எனக்குப் பெரிய கோபமில்லை, ஆனால் கண்ணீர் விட்டேன் என்று எழுதுகிறவர் தன்னை அழ வைத்தது யார் என்பதையாவது தெரிந்துகொள்ள வேண்டும். இதை நான் வெறும் தகவல் பிழையாகச் சொல்லவில்லை. ஏற்கெனவே பெரிய இயக்குநராகிவிட்ட ஒருவர், முதல் படம் எடுக்கும் ஒருவரின் கையில் தன்னை ஒப்படைத்து ஒதுங்கி நின்றார் என்பதில்தான் அவருடைய கலையின் சூட்சுமம் இருக்கிறது.

அடுத்தது அந்த ஒன்றரை மடங்கு வேகம். இதை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை. நகைச்சுவைப் படத்தை வேகமாக ஓட்டிப் பார்ப்பவர் அதைப் பார்க்கவே இல்லை. ஒருவன் அபத்தமாக ஒன்றைச் சொல்கிறான். கேட்பவன் உடனே பதில் சொல்வதில்லை. அவன் முகத்தில் முதலில் நம்பாமை, பிறகு கணக்குப் போடுதல், பிறகு தன்னை அடக்கிக்கொள்ளும் முயற்சி, கடைசியில் தோல்வி என்று நான்கு நிலைகள் வந்து போகின்றன. நமக்குச் சிரிப்பு வருவது அந்த இடைவெளியில்தான். நீங்கள் அந்த இடைவெளியை நறுக்கி எறிந்துவிட்டு, மீதமிருந்த வசனத்தை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். ஷூ ஜெங்கின் தொழில் முழுவதும் நீங்கள் நறுக்கி எறிந்த பகுதியில் இருந்தது.

சீனாவில் சியாங்ஷெங் என்றொரு மேடைக்கலை உண்டு. பெரும்பாலும் இருவர் நின்று பேசுவது. ஒருவர் கதையளந்து சிரிப்பு மூட்டுவார், மற்றவர் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு ‘அப்படியா’, ‘அதெப்படி’, ‘உளறாதே’ என்று இடைமறித்தபடி இருப்பார். வெளியூர்க்காரருக்கு முதல்வர்தான் கலைஞர், இரண்டாமவர் வெறும் துணை என்று தோன்றும். அந்தத் தொழிலுக்குள் இருப்பவர்கள் வேறு கணக்குச் சொல்கிறார்கள்: மூன்று பங்கு சொல்பவனுக்கு, ஏழு பங்கு தாங்குபவனுக்கு. ஷூ ஜெங் அந்த மேடையிலிருந்து வந்தவர் அல்லர். 1972இல் ஷாங்காயில் பிறந்து, ஷாங்காய் நாடகக் கல்லூரியில் படித்து 1994இல் வெளியே வந்த நாடகக்காரர். ஆனால் அவர் தன் வாழ்நாளில் நடித்த நல்ல பாத்திரங்களில் பெரும்பாலானவை அந்த மேசைக்குப் பின்னால் நிற்பவனின் பாத்திரங்களே.

இளமையிலேயே தலை வழுக்கையாகிவிட்டது. காதல் நாயகனாக ஆக வழியில்லாத அந்த முகத்துக்கு 2000இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் புகழைக் கொடுத்தது. யுவான் சுவாங் நம் நாட்டுக்கு வந்த பயணத்தை வைத்துச் சீனர்கள் கட்டிய பெருங்கதையில் வரும் பன்றி முகச் சீடன் ஜூ பாஜியே வேடம் அது. சாப்பாட்டுக்கும் பெண்ணுக்கும் அலைபவன் என்று எல்லோரும் சிரிக்கும் அந்தப் பாத்திரத்தை அவர் காதலிக்கத் தெரிந்த ஒரு பாவப்பட்ட பிள்ளையாக நடித்தார். அதில் உடன் நடித்த தாவ் ஹொங்கையே பின்னாளில் மணந்துகொண்டார். பிறகு 2006இல் நிங் ஹாவ் குறைந்த செலவில் எடுத்த ‘கிரேஸி ஸ்டோன்’ படத்தில் நயவஞ்சகமான கட்டட வியாபாரியாக வந்தார். இவற்றை நான் வேகமாகச் சொல்லிப் போவதற்குக் காரணம், அவர் யார் என்பது அவருக்கே தெரிந்த படம் 2010இல்தான் வந்தது.

‘லாஸ்ட் ஆன் ஜர்னி’ என்ற அந்தப் படத்தை இயக்கியவர் ரேமண்ட் யிப். சீனப் புத்தாண்டுக்குக் கோடிக்கணக்கானவர்கள் ஊருக்குத் திரும்பும் நாட்களில், ஒரு பொம்மை நிறுவன முதலாளியும் பால் கறக்கும் தொழிலாளி ஒருவனும் சேர்ந்து வழியெல்லாம் அவதிப்படும் கதை. தொழிலாளியாக நடித்தவர் வாங் பாவ்சியாங். சிறுவயதில் ஷாவொலினில் குங்ஃபூ பயின்று, பெய்ஜிங்கில் கூட்டத்தில் நிற்கும் துணை நடிகராகப் பிழைத்து மேலே வந்தவர். விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் பாலைக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவிட, அந்தத் தொழிலாளி அத்தனை பாலையும் அங்கேயே நின்று குடித்து முடிக்கிறான். விமானத்தில் ஏறியதும் காற்றுக்காக ஜன்னலைத் திறக்கச் சொல்கிறான். சிரிப்பெல்லாம் அவனுக்கு. ஷூ ஜெங்கின் முதலாளிக்கு ஒரு நகைச்சுவை வரிகூடத் தேவையில்லை. அவர் எரிச்சலடைகிறார், அவ்வளவுதான். ஆனால் அந்த எரிச்சலுக்குத்தான் எத்தனை தரங்கள்! பணக்காரனின் அருவருப்பு, படித்தவனின் சலிப்பு, அகப்பட்டுக்கொண்டவனின் பீதி, கடைசியில் இவன் என்னைவிட நல்லவன் என்று தெரிந்துவிட்டவனின் கூச்சம். நிலம், வீடு, பதவி என்று ஓடிக்கொண்டிருந்த ஒரு தலைமுறைச் சீன நடுத்தர வர்க்கம் தன்னையே அந்த முகத்தில் கண்டுகொண்டது.

இரண்டாண்டு கழித்து அவர் தானே இயக்கிய முதல் படமான ‘லாஸ்ட் இன் தாய்லாந்து’ வெளிவந்தது. சீனாவில் 100 கோடி யுவானுக்கு மேல் வசூலித்த முதல் சீனப் படம் அது. அந்த வசூலோடு ஒப்பிட்டால் செலவு ஒன்றுமேயில்லை. அதற்குப் பிறகு சியாங் மாய் நகரத்துக்குச் சீனச் சுற்றுலாப் பயணிகள் திரண்டு போனார்கள், அன்றைய தாய்லாந்துப் பிரதமர் யிங்லக் ஷினவத்ரா அவரை நேரில் சந்தித்தார். வசூலைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். நான் வியந்தது வேறு. தன் முதல் படத்தை இயக்கும் நடிகன், எல்லாச் சிரிப்பையும் தனக்கே வைத்துக்கொள்வது உலக வழக்கம். இவர் என்ன செய்தார்? வெங்காயத்தாள் ரொட்டி சுடும், கள்ளிச்செடி ஒன்றைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வெளிநாடு புறப்படும் பாத்திரத்தை வாங் பாவ்சியாங்குக்குக் கொடுத்தார். துரத்தி வந்து அடிபடும் போட்டியாளன் வேடத்தை ஹுவாங் போவுக்குக் கொடுத்தார். தனக்கு அதே பழைய எரிச்சலை வைத்துக்கொண்டார். இவன் அபத்தம் செய்யட்டும், அதற்கு எவ்வளவு நேரம் விடுவது, எப்போது முகம் சுளிப்பது என்று கணக்கிடுகிறவன் ஏற்கெனவே பாதி இயக்குநர். நடிகர் ‘இயக்குநரானதும்’ வேறு ஆளாகிவிடுகிறார் என்ற தொனியில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நின்ற இடத்திலேயே நின்றார் என்கிறேன் நான்.

என் கட்சிக்குச் சாட்சியாக நீங்கள் பார்க்காத ஒரு குறும்பகுதியைச் சொல்கிறேன். 2019இல் மக்கள் சீனக் குடியரசின் எழுபதாம் ஆண்டை ஒட்டி ஏழு கதைகளைக் கோத்து ஒரு தொகுப்புப் படம் வந்தது. அரசு விழாப் படம் என்று முகம் சுளிக்காதீர்கள், அதில் ஷூ ஜெங் இயக்கிய பகுதி தனி ரகம். 1984, ஷாங்காயின் ஒரு குறுகிய சந்து. லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சீனப் பெண்கள் அணி கைப்பந்து இறுதியாட்டம் ஆடுகிறது. சந்து முழுவதும் ஒரே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கூடியிருக்கிறது. ஆன்டெனாவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றால்தான் படம் தெரியும், அந்த வேலை ஒரு சிறுவன் தலையில் விழுகிறது. அவனுடைய சின்னத் தோழி அன்றைக்குத்தான் வெளிநாட்டுக்குப் புறப்படுகிறாள், அவளிடம் விடைபெற அவன் ஓட வேண்டும். அவன் ஓடவில்லை. ஊரே ஆட்டத்தைப் பார்க்கிறது, அவன் கூரைமேல் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறான். பாத்திரங்கள் ஷாங்காய் வழக்கில்தான் பேசுகிறார்கள். நான் இத்தனை நேரம் சொல்லிக்கொண்டிருக்கும் ஆளைத்தான் அவர் அந்தக் கூரைமேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறார். அதற்கு அவர் தன் முகத்தைக் காட்டவேண்டிய தேவைகூட இருக்கவில்லை.

‘டையிங் டு சர்வைவ்’ படத்தில் அவர் ஏற்ற செங் யோங்கும் அதே ஆள்தான். ஷாங்காயில் இந்திய எண்ணெய் விற்று வாடகை கட்ட முடியாமல் நிற்கும் கடைக்காரன். ஒருவன் அடுக்கடுக்காக முகக்கவசம் போட்டுக்கொண்டு கடைக்குள் வருகிறான், ரத்தப்புற்று நோயாளி. இந்தியாவிலிருந்து மலிவான மருந்தைக் கடத்தி வரச் சொல்கிறான். செங் யோங்குக்கு முதலில் வருவது இரக்கமா? எரிச்சல். அந்த எரிச்சல் இருப்பதால்தான் பின்னால் அவன் நட்டத்துக்கு மருந்து விற்கும்போது நாம் நம்புகிறோம். என்னால் வீட்டை விற்றாயிற்று, குடும்பம் நொடித்துவிட்டது, நான் சாக விரும்பவில்லை என்று ஒரு கிழவி போலீஸ் அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லும் காட்சியில் ஷூ ஜெங் இல்லவே இல்லை. தயாரிப்பாளரான நட்சத்திரம் அந்தக் காட்சியைத் தன்னிடம் இழுத்துக்கொண்டிருக்கலாம். 2018இல் சிறந்த நடிகருக்கான தங்கக் குதிரை விருதை அவருக்குக் கொடுத்தவர்கள் இதையும் கவனித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

இந்த இடத்தில் என் அக்காவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே நோய், அதே இமாட்டினிப் மாத்திரை. சென்னையில் ஒரு சாதாரண மருந்துக் கடையில் மாதாமாதம் சீட்டைக் காட்டி வாங்கி வருவேன். கடைப்பையன் தலைவலி மாத்திரை எடுப்பதுபோல எடுத்து வைப்பான். அக்கா அதைச் சாப்பாட்டோடு விழுங்கிவிட்டுத் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்துவிடுவாள். அந்த மாத்திரைக்கான காப்புரிமை விண்ணப்பம் 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான் நிராகரிக்கப்பட்டது என்பதும், உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் அதை உறுதி செய்தது என்பதும், அதனால்தான் இங்கே அது மலிவாகக் கிடைத்தது என்பதும் அப்போது எங்களில் யாருக்கும் முக்கியமாகப் படவில்லை. அந்தப் படத்தில் ஷாங்காய்க்காரர்கள் சிறைக்குப் பயந்து இரவில் கைமாற்றிக்கொண்ட பெட்டியும், அக்காவின் அலமாரியில் கிடந்த பெட்டியும் ஒரே வகை என்று தெரிந்தபோது நான் படத்தை நிறுத்தவேண்டி வந்தது. நீங்கள் அழுததை நான் கேலி செய்யவில்லை, இரா. நானும் அழுதவன்தான்.

இனி உங்கள் ‘அப்ஸ்ட்ரீம்’. வேலை போன நாற்பத்தைந்து வயது மென்பொருளாளன் உணவு கொண்டுசேர்க்கும் வேலைக்குப் போகிறான். பணக்காரர் ஏழையாக நடிக்கலாமா என்ற குற்றச்சாட்டை நான் மதிப்பதில்லை. நடிகன் தன் சொந்த வருமானத்துக்கு ஏற்ற வேடம்தான் கட்ட வேண்டுமென்றால் அரசன் வேடத்துக்கு ஆளே கிடைக்காது. அந்தப் படத்தின் குறை வேறு. அதில் அவரை எரிச்சலூட்ட ஆள் இல்லை. எதிரே இருப்பது கைப்பேசியின் கடிகாரம். அதனிடம் முகம் சுளித்து என்ன பயன்? துணைக்கு வருகிற தொழிலாளிகள் எல்லோரும் நல்லவர்கள். கடைசியில் அவனே குறுக்குவழி காட்டும் செயலியை எழுதி எல்லோருக்கும் உதவுகிறான். மேசைக்குப் பின்னால் நின்றவர் முன்னால் வந்து தானே கதையும் சொல்லி, தானே கைதட்டலும் வாங்கப் பார்க்கிறார். 2015இல் எடுத்த ஹாங்காங் படத்திலும், பழைய படங்களுக்கு வணக்கம் வைப்பதிலேயே நேரம் போய்விட்டதால், உடன் வந்த மைத்துனன் பாத்திரம் சரியாக எழும்பவில்லை. 2020இல் வந்த ‘லாஸ்ட் இன் ரஷ்யா’ அவ்வளவு மோசமில்லை. பெருந்தொற்றால் திரையரங்குகள் மூடப்பட, 63 கோடி யுவானுக்கு அதை இணையத்துக்கு விற்றுத் திரையரங்குக்காரர்களின் கோபத்தைச் சம்பாதித்தார் என்பதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் மாஸ்கோ போகும் ரயிலில் நாற்பது வயது மகனின் வாயில் தக்காளியைத் திணித்துக்கொண்டே வரும் அம்மாவும், விழுங்கவும் துப்பவும் முடியாத அந்த மகனின் முகமும் அவருடைய நல்ல நாட்களைச் சேர்ந்தவை.

ஒரு வேடிக்கை பாருங்கள். வாங் பாவ்சியாங்கும் இயக்குநரானார். 2017இல் இந்தியாவை வைத்து எடுத்த முதல் படத்தில் எல்லாக் கூத்தையும் தானே ஆடினார். படம் பார்க்கச் சகிக்கவில்லை. மோசமான படங்களுக்குக் கொடுக்கும் ‘தங்கத் துடைப்பம்’ கிடைத்தது. பெரும்பாலும் யாரும் போய் வாங்காத அந்த விருதை நேரில் போய் வாங்கி மன்னிப்புக் கேட்டார். பிறகு 2023இல் ‘நெவர் சே நெவர்’ எடுத்தார். ஆதரவற்ற மலைக் கிராமப் பையன்களுக்குச் சண்டை கற்றுத்தரும் ஒரு முரட்டு ஆசிரியனாக, சிடுசிடுவென்று, திரையின் ஓரத்தில் நின்றார். பையன்கள் ஜொலித்தார்கள், படம் பெருவெற்றி பெற்றது. தன் பழைய கூட்டாளி நின்ற இடத்துக்கு அவரும் வந்து சேர்ந்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது.

ஏன் அழ வைக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அது கிடக்கட்டும். அந்த 2010ஆம் ஆண்டுப் படத்தை, அது ஓட வேண்டிய வேகத்தில், மறுபடி பாருங்கள். பால் குடிக்கிறவனைப் பார்க்காமல், வரிசையில் நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருப்பவனைப் பாருங்கள். இருவரும் மறுபடி ஒரு ரயிலில் ஏறுவார்களானால், யார் இயக்கினாலும் சரி, முதல் நாளே போய்ப் பார்ப்பதாக இருக்கிறேன். ஆனால் இப்போது இருவருமே முகம் சுளிக்கிறவர்களாகிவிட்டார்கள். பால் குடிக்க யாரைப் பிடிப்பது என்பதை அவர்கள்தான் பேசி முடிவு செய்ய வேண்டும்.

அன்புடன்.