ஸ்டீராய்டு மாத்திரையும் உறங்கும் சுரப்பியும்

கேள்வி: மூட்டுவலிக்காக எட்டு மாதங்கள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட என் மாமியார், வலி குறைந்ததும் தாமாகவே நிறுத்திவிட்டார். ஐந்தாம் நாள் காசிமேட்டில் மீன் வாங்கப் போன இடத்தில் தலைசுற்றி விழுந்தார். ‘அட்ரீனல் சுரப்பி தூங்கிவிட்டது’ என்றார் மருத்துவர். சுரப்பி எப்படித் தூங்கும்?
– வாசகி, தண்டையார்பேட்டை.

பதில்: மருத்துவரின் சொல் மிகப் பொருத்தமானது. ஆனால் உறங்கியது அச்சுரப்பி மட்டுமன்று. அதை எழுப்ப வேண்டிய மூளையும்தான்.

சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம் எடையே உள்ளது. அதன் புறணி, அதாவது வெளிப்பகுதி, இரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்க உதவும் இயற்கை ஸ்டீராய்டு ஹார்மோனான கார்டிசாலைச் சேமித்து வைப்பதில்லை. கட்டளை வந்த பிறகே கொலஸ்ட்ராலிலிருந்து தயாரிக்கிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி சி.ஆர்.எச். என்னும் வேதிச் சமிக்ஞையை அனுப்ப, அதற்குக் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பி 39 அமினோ அமிலங்களாலான ஏ.சி.டி.எச். ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. அது அட்ரீனல் செல்லின் ஏற்பியில் பொருந்தியதும் செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் தூது மூலக்கூறு பெருகி, கொலஸ்ட்ரால் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சேர்க்கப்பட, சில நிமிடங்களில் கார்டிசால் சுரக்கத் தொடங்குகிறது. அந்தக் கார்டிசாலே மூளைக்குத் திரும்பிச் சென்று, ‘போதும்’ என்று சமிக்ஞைகளை அடக்குகிறது. உடலியலில் இதைவிட அழகான ஏற்பாடுகள் சிலவே என்பது என் எண்ணம்.

மாத்திரையாக வரும் ஸ்டீராய்டையும் மூளை கார்டிசாலாகவே எடுத்துக்கொள்கிறது. மாதக்கணக்கில் ‘போதும்’ என்ற செய்தியே வந்துகொண்டிருப்பதால் ஏ.சி.டி.எச். வற்றிப்போகிறது. சுரப்பியைத் தூண்டுவதோடு அதன் திசுவைப் பேணுவதும் அந்த ஹார்மோன்தான் என்பதால், புறணியின் உட்புற அடுக்குகள் சுருங்கிவிடுகின்றன. மாத்திரையைச் சட்டென நிறுத்தினால், வெளியிலிருந்தும் வரத்து இல்லை, உள்ளேயும் உற்பத்தி இல்லை. அதே புறணி சுரக்கும், உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டீரோன் ஹார்மோன் மட்டும் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அதை முக்கியமாக ஆள்பவை ஏ.சி.டி.எச். அல்ல; ஆஞ்சியோடென்சின் என்னும் வேறொரு ஹார்மோனும் இரத்தத்திலுள்ள பொட்டாசியமும். சுரப்பியே அழியும் அடிசன் நோயில், அதாவது தாமஸ் அடிசன் 1855இல் விவரித்த நோயில், இந்தப் பாதுகாப்பும் இருப்பதில்லை.

சுரப்பி விழித்தெழச் சில வாரங்கள் முதல் பல மாதங்கள்கூட ஆகலாம் என்பதால், மருத்துவரே அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நலமான உடல் காய்ச்சலின்போது கார்டிசாலைப் பல மடங்கு கூட்டிக்கொள்ளும். உங்கள் மாமியாரின் உடலால் இப்போது அது இயலாது. ஆகவே கடும் காய்ச்சலோ, மாத்திரை வயிற்றில் தங்காத அளவுக்கு வாந்தியோ ஏற்பட்டால், விடியட்டும் என்று காத்திராமல் ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் சென்று, அவர் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் என்பதை முதலில் சொல்லுங்கள்.