கதைக் குரங்கும் காட்டுக் குரங்கும்: கேள்வி பதில்

கொட்டாரம் வாசகர்: அனுமன் கொண்டுவந்த சஞ்சீவி மலையின் துண்டே கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள மருந்துவாழ் மலை என்பது ராமாயணத்தில் இருக்கிறதா?

வால்மீகியில், மூலிகையின் மணத்தால் வானரர்கள் உயிர்த்தெழுந்த பிறகு, அனுமன் அந்த மலையை இமயத்திலேயே திரும்பக் கொண்டு வைத்துவிடுகிறான். துண்டு விழுந்தது ஊர் வழக்கு. திண்டுக்கல்லின் சிறுமலைக்கும் இலங்கையில் காலிக்கு அருகிலுள்ள ருமஸ்ஸலக் குன்றுக்கும் இதே கதை உண்டு. ஆனால் ஏட்டில் இல்லை என்பதற்காக அதைத் தள்ளிவிடக் கூடாது. பச்சிலை செழித்த குன்றுகளைத் தேடித்தேடி மக்கள் இந்தக் கதையைச் சூட்டியிருக்கிறார்கள் என்பதே அதன் மதிப்பு. மலையேறுவோர் அங்குள்ள குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்க வேண்டாம்.

தக்கலை ஆசிரியை: குரங்கும் முதலையும் கதை நம் நாட்டுக் கதைதானா?

ஆம் அம்மா. பஞ்சதந்திரத்தின் நான்காம் பகுதியில் மற்றக் கதைகளைத் தாங்கும் சட்டகக் கதை அதுவே. புத்த ஜாதகக் கதைகளிலும் உண்டு. அங்கே குரங்கு தன் இதயம் அத்தி மரத்தில் தொங்குவதாகச் சொல்லித் தப்புகிறது. அரபு மொழிக்குப் போன கதையில் முதலை ஆமையாகிவிட்டது. ஜப்பானில் ஜெல்லிமீன் வருகிறது, இதயத்துக்குப் பதில் ஈரல். இத்தனை மாறியும், உறுப்பைக் கரையில் விட்டுவந்தேன் என்னும் பொய் மட்டும் மாறவே இல்லை. வகுப்பில் சொல்லும்போது அந்த இடத்தில் சற்று நிறுத்தி, குரங்கு என்ன சொல்லியிருக்கும் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள்.

மார்த்தாண்டம் வாசகர்: தொப்பி வியாபாரி கதையில் வருவதுபோல் குரங்கு தொப்பியைத் திருப்பி எறியுமா?

மனிதனைப் பார்த்து அப்படியே செய்யாது. பாலித் தீவின் உலுவாத்து கோவில் குரங்குகள் தொப்பியையும் கண்ணாடியையும் பறித்து, உணவு கொடுத்தால்தான் விடுகின்றன. அந்தப் பழக்கத்துக்குத் தீனி போட்டவர்கள் மனிதர்கள்தாம்.

நாகர்கோவில் மாணவி: குறுந்தொகை 69ஆம் பாட்டில் ஆண்குரங்கு இறந்ததும் மந்தி குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிர்விடுகிறது. இது உடன்கட்டையைப் புகழ்வதல்லவா?
குழித்துறை வாசகர்: புகழ்வதுதான், அதிலென்ன தவறு? கற்பு விலங்குக்கும் உண்டு என்கிறார் புலவர்.

இருவரும் மந்தியைப் பார்க்கிறீர்கள், பேசுகிறவளைப் பார்க்கவில்லை. பேசுபவள் தலைவியின் தோழி. இரவில் மலைவழியே வரும் தலைவனிடம், நள்ளிரவில் வராதே என்பதே அவள் சொல்ல வந்தது. உனக்கு ஏதேனும் நேர்ந்தால் தலைவியும் இருக்கமாட்டாள் என்பதை நேரே சொல்ல வாய் வராமல், அவன் நாட்டு மந்தியின் மேல் ஏற்றிச் சொல்கிறாள்.

குழித்துறை வாசகர் மீண்டும்: அப்படியானால் மந்தி சாவது வெறும் கற்பனையா?

ஆம் ஐயா, துணை இறந்ததற்காக மந்தி மலையிலிருந்து குதிப்பதில்லை. ஆனால் குட்டியைச் சுற்றத்தோடு சேர்க்கும் வரி கண்டு எழுதியது. நம் நாட்டுக்குரங்கின் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே வாழ்நாளெல்லாம் தங்குகின்றன. ஆண்கள்தாம் வளர்ந்து வேறு கூட்டம் தேடிப் போகின்றன. ஆகவே குட்டிக்குத் தாய்வழிச் சுற்றம் எப்போதும் அருகிலேயே இருக்கும். தோழி வேண்டிக்கொள்வது தலைவன் உயிரோடு இருக்க வேண்டும் என்பதை. அந்தப் பாட்டைச் சாவின் புகழாகப் படிப்பது அவள் கவலையைக் கேளாமல் விடுவதாகும்.

பூதப்பாண்டி, பொற்றையடி, திருவட்டாறு வாசகர்கள்: அனுமன் வடிவம்தானே, வாழைப்பழமாவது கொடுக்கலாமா?

கூடாது. மூவருக்கும் ஒரே பதில், மேலேயும் சொன்னேன். வழிபாட்டுக்குச் சுசீந்திரத்தில் ஆஞ்சநேயர் இருக்கிறார். வடைமாலையை அங்கே சாத்துங்கள். குரங்கு கடித்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போங்கள்.

இரணியல் வாசகர்: குரங்காட்டிகள் ஏன் மறைந்தார்கள்?

குரங்குகளைப் பழக்கி வித்தை காட்டுவதை மத்திய அரசின் 1998 அறிவிக்கை தடை செய்தது.

குலசேகரம் வாசகர்: கருங்குரங்கு லேகியம் இளைப்புக்கு நல்லது என்று பாட்டி சொல்வார், எங்கே கிடைக்கும்?

இந்தக் கேள்வி இனி வேண்டாம் தம்பி. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத அந்த விலங்கு, இந்த நம்பிக்கையால்தான் வேட்டையாடப்பட்டு அருகியது. அதைக் கொல்வதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். இளைப்புக்கு அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.