மாடியில் ஹைபிரிட் தக்காளி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மார்கழி கடந்து வெயில் ஏறத் தொடங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் முக்கால்வாசி தக்காளியைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை ஏறக்குறைய எல்லாருமே ஹைபிரிட் விதை வாங்கியிருக்கிறீர்கள். "இவ்வளவு காசு கொடுத்து வாங்கிய விதை இப்படிச் செய்யலாமா?" என்ற மனத்தாங்கல்தான் பல கடிதங்களில். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, பத்துக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

போன வருஷம் அர்கா ரக்ஷக் ஹைபிரிட் தக்காளி ஒரு செடி வைத்தேன் மேடம், பிரமாதமாகக் காய்த்தது. நல்ல பழமாகப் பார்த்து விதை எடுத்து, இந்த வருஷம் 12 தொட்டியில் போட்டேன். ஒன்றைப் போல ஒன்று இல்லைங்க. விதை கலந்துவிட்டதா? (கோவை)

விதை கலக்கவில்லை, பிரிந்திருக்கிறது. நீங்கள் வாங்கிய பாக்கெட்டில் 'எஃப்1' என்று போட்டிருக்கும். தனித்தனியே பல தலைமுறை தன் மகரந்தத்திலேயே வளர்த்துச் சீராக்கிய இரண்டு வகைகளை எடுத்து, ஒன்றின் பூவில் மற்றொன்றின் மகரந்தத்தைக் கையால் வைத்து உண்டாக்கிய முதல் தலைமுறை அது. தாய் தந்தை இரண்டும் சீரானவை என்பதால் பிள்ளைகள் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அந்தச் செடியின் பழத்திலிருந்து நீங்கள் எடுத்தது பேரப்பிள்ளைகள். அதில் தாத்தா சாயல் ஒன்றில், பாட்டி சாயல் ஒன்றில் என்று கலைந்துதான் வரும்.

கணக்காகச் சொல்கிறேன். ஒரு நோய் எதிர்ப்பு ஒரே ஒரு ஓங்கிய மரபணுவால் (தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வேலை செய்வது) வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 12 செடியில் சராசரியாக ஒன்பதில் அது இருக்கும், மூன்றில் இருக்காது. எந்த மூன்று என்று நாற்றைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பழத்தின் அளவு, வடிவம், செடியின் உயரம் எல்லாம் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிப்பவை. அதனால்தான் ஒன்றைப் போல ஒன்று இல்லை. பிடுங்கிப் போட வேண்டாம், காய்க்கிற வரை பாருங்கள். சிலது நன்றாகவே வரும். ஆனால் வருஷா வருஷம் விதை எடுத்து வைப்பதுதான் உங்களுக்குப் பிடித்த வேலை என்றால் ஹைபிரிட் அல்லாத பி.கே.எம்.1 ரகத்தைப் போடுங்கள். தக்காளிப் பூ பெரும்பாலும் தன்னைத்தானே சூல்படுத்திக்கொள்ளும், பக்கத்துத் தொட்டியில் ஹைபிரிட் இருந்தாலும் பெரிதாகக் கலக்காது.

இங்கே ஒரு வேடிக்கை. 'நாட்டுத் தக்காளி' என்று நாம் தேடித் தேடி வாங்குவது பெரும்பாலும் இந்த பி.கே.எம்.1 தான். தேனிப் பக்கத்து அன்னஞ்சித் தக்காளியின் மரபணுவில் செயற்கையாகத் திடீர்மாற்றம் உண்டாக்கிப் பெரியகுளத்தில் தேர்ந்தெடுத்த ரகம் அது. ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய் வந்த நாட்டுப்பிள்ளை!

அர்கா ரக்ஷக் ஒரு செடியில் 19 கிலோ காய்த்ததாகப் படித்தேன். எனக்கு இரண்டரை கிலோதான் வந்தது. போலி விதையா? (திருச்சி)

இல்லை. இரண்டரை கிலோ என்பது தொட்டிக்கு நல்ல மகசூல்தான். அந்த 19 கிலோ, சொட்டுநீரும் உரமும் அளந்து கொடுத்த வயலில் ஒரு விவசாயி எடுத்தது. வயலில் வேர் தன் இஷ்டத்துக்கு ஓடும். உங்கள் 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் சுவரில் முட்டித் திரும்பும்.

ஹைபிரிட் நிறையத் தரும், அதே அளவு நிறையத் தின்னவும் செய்யும். நட்டதோடு உரம் முடிந்தது என்று விட்டால் மூன்றாவது கொத்தோடு நின்றுவிடும். பூ வந்த பிறகு 15 நாளுக்கு ஒரு தடவை இரண்டு கைப்பிடி மண்புழு உரம், ஒரு கைப்பிடி மட்கிய வேப்பம்பிண்ணாக்கு, கொஞ்சம் சாம்பல். இதையாவது தவறாமல் கொடுங்கள்.

ஹைபிரிட் என்றால் மரபணு மாற்றப்பட்டதுதானே? குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா? (புதுச்சேரி)

தாராளமாகக் கொடுக்கலாம். ஹைபிரிட் என்பது தக்காளிக்கும் தக்காளிக்கும் நடக்கும் கல்யாணம். வேறு உயிரின் மரபணுவை அதில் யாரும் நுழைப்பதில்லை. இந்தியாவில் முதல் எஃப்1 தக்காளி 'கர்நாடகா' என்ற பெயரில் பெங்களூரிலிருந்து 1973-இல் வெளிவந்தது. அன்றைக்கு மரபணு மாற்றுப் பயிர் என்ற பேச்சே கிடையாது. 2002-இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்திதான் நம் விவசாயிகள் வணிகமாகப் பயிரிடும் மரபணு மாற்றுப் பயிர். பி.டி. கத்தரிக்காயை 2010-இல் நிறுத்திவைத்தார்கள். மரபணு மாற்றுத் தக்காளி இங்கே சந்தையில் கிடையாது.

விதை ரோஸ் நிறத்தில் இருக்கிறது. பஞ்சகவ்யத்தில் ஊறவைத்துப் போடலாமா?

வேண்டாம். அந்த நிறம் பூஞ்சணக்கொல்லி பூசியதற்கான அடையாளம். ஊறவைத்தால் மருந்து கரைந்து போகும், பஞ்சகவ்யத்தில் இருக்கும் நல்ல நுண்ணுயிருக்கும் அது ஆகாது. அப்படியே குழித்தட்டில் குழிக்கு ஒன்றாக அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், மிச்ச விதையைக் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். பத்து கிராம் பாக்கெட்டில் சுமார் 3,000 விதை இருக்கும், வீட்டுக்கு அவ்வளவும் எதற்கு? நாலு பேராகச் சேர்ந்து வாங்குங்கள்.

இலை எல்லாம் சுருண்டுவிட்டது. வைரஸ் தாங்கும் ரகம் என்றுதான் விலை கூடக் கொடுத்து வாங்கினேன், ஏமாற்றிவிட்டார்கள். (சென்னை, மடிப்பாக்கம், இதே கேள்வி இன்னும் ஏழு பேர்)

அவசரப்பட வேண்டாம். முதலில் எந்த இலை சுருண்டிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய இரண்டு படத்தில் ஒன்றுக்கு நோயே இல்லை.

முதல் படத்தில் அடி இலைகள் ஓரம் மேல்நோக்கி மடிந்து குழல் மாதிரி இருக்கின்றன. நிறம் நல்ல பச்சை, நுனிக் குருத்து விரிந்து ஆரோக்கியமாக இருக்கிறது. விரலால் பிடித்துப் பார்த்தால் தோல் மாதிரி மொடமொடவென்று இருக்கும். இது வெயிலுக்கும் தண்ணீர்க் குறைவுக்கும் செடி தன் இலையைச் சுருட்டிக்கொண்டது. மதிய வெயிலில் கண்ணைச் சுருக்குகிறோம் இல்லையா, அது போல. காயைப் பாதிக்காது.

இரண்டாவது படம்தான் வருத்தம். நுனிக் குருத்து இலைகள் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் குறுகி, ஓரம் மஞ்சளாகி, கரண்டி போல மேலே குவிந்திருக்கின்றன. கணுவுக்குக் கணு இடைவெளி இல்லாமல் செடி புதராக நிற்கிறது. இது இலைச்சுருட்டு வைரஸ், வெள்ளை ஈ கொண்டுவந்தது. வந்த பிறகு இதற்கு எந்த மருந்தும் இல்லை. வேப்பெண்ணெயும் இல்லை, இஞ்சி பூண்டுக் கரைசலும் இல்லை. ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைச் செடிமேல் கவிழ்த்து, அப்படியே பிடுங்கி, பையைக் கட்டிக் குப்பையில் போடுங்கள். பையில்லாமல் ஆட்டிப் பிடுங்கினால் ஈக்கள் எல்லாம் அடுத்த தொட்டிக்குக் குடிபோகும். அந்தச் செடியில் ஏற்கெனவே பழுத்தது இருந்தால் சாப்பிடலாம், இந்த வைரஸ் மனிதரை ஒன்றும் செய்யாது.

'தாங்கும்' என்ற சொல்லுக்கு வருகிறேன். 'வராது' என்று பாக்கெட்டில் யாரும் போடவில்லை. சிலவகை வைரஸைத் தாங்கும், மற்றதுக்கு மடங்கும். இரண்டு இலை நாற்றாக இருக்கும்போதே ஈ கடித்துவிட்டால் எந்த ரகமும் தடுமாறும். ஆகவே காப்பு தேவைப்படுவது நாற்றங்காலில். 50 மெஷ் (ஒரு அங்குலத்துக்கு 50 கண்) நைலான் வலை ஒரு மீட்டர் வாங்கி, வளைத்த கம்பியின் மேல் போர்த்தி, 25 நாள் நாற்று அதற்குள்ளேயே இருக்கட்டும். நட்ட பிறகு மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். காலையில் செடியை லேசாகத் தட்டினால் சாம்பல் பறப்பது போல வெள்ளை ஈ கிளம்பும். அதைப் பார்த்த அன்று சாயங்காலமே ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைத்து, இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். மேல்பக்கம் அடித்துவிட்டு "கேட்கவில்லை" என்று எழுதுபவர்கள் அதிகம்.

கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, எல்லாம் கொட்டிவிடுகிறது. தேமோர் கரைசல் (தேங்காய்ப் பாலும் மோரும் புளிக்கவைத்தது) தெளித்தும் நிற்கவில்லை. (சென்னை, போன மே மாதம் எழுதியது)

தேமோர் மேல் பழி போடாதீர்கள், பாவம். உதிர்ந்த பூவை எடுத்துப் பாருங்கள். காம்பின் நடுவில் முழங்கை மாதிரி ஒரு வீக்கம் இருக்கும், சரியாக அந்த இடத்தில்தான் அறுந்திருக்கும். சூல் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் செடியே அங்கே வெட்டிவிடுகிறது.

இரவு வெப்பம் 24, 25 டிகிரிக்கு மேல் நின்றால் தக்காளியின் மகரந்தம் கெட்டுப்போகும். மே மாதம் சென்னையில் இரவே 28 டிகிரி. இந்த ஹைபிரிட்டுகளில் பல பிறந்து வளர்ந்த பெங்களூரோ கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே கோடையிலும் இரவில் போர்வை தேட வேண்டிவரும். விதைப் பாக்கெட்டில் இருக்கும் "ஆண்டு முழுவதும் பயிரிடலாம்" என்ற வாசகத்தை, அதே போல உயரத்தில் இருக்கும் ஓசூர், கோலார்க்காரர்கள் நம்பலாம். கடற்கரை ஊர்க்காரர்கள் நம்ப வேண்டாம்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது நல்ல சொல்தான். ஆனால் ஆடியில் விதைத்த தக்காளி, காய் பிடித்து நிற்கும் நேரத்தில் ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்ளும். சென்னை மாடிக்கு என் கணக்கு இது: ஐப்பசிக் கடைசியில் கூரைக்கு அடியில் நாற்று விட்டு, மழை ஓய்ந்ததும் மார்கழியில் நட்டால் தையில் பூ, மாசி பங்குனியில் பழம். இப்போது பூத்திருப்பவர்கள் காலை எட்டு, ஒன்பது மணிக்குக் கொத்தின் காம்பை விரலால் இரண்டு சுண்டு சுண்டுங்கள். மகரந்தம் உள்ளேயே உதிர்ந்து வேலை முடியும்.

காயின் அடிப்பக்கம் கறுத்துத் தட்டையாகிறது. முட்டை ஓடு ஒரு டப்பா அரைத்துப் போட்டேன். (வேலூர்)

கறுப்பது சுண்ணாம்புச் சத்து காய் நுனிக்குப் போய்ச் சேராததால். மண்ணில் சுண்ணாம்பு இல்லை என்று அர்த்தமில்லை. உங்கள் போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அது என்னவாம்? சுண்ணாம்பு தண்ணீரோடுதான் பயணம் செய்யும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வாளி நிறைய ஊற்றினால் வழியிலேயே நின்றுவிடும். நீள உருண்டைக் காய் ஹைபிரிட்டில் இது கொஞ்சம் கூடுதல்.

முட்டை ஓடு கரைய மாதக்கணக்கில் ஆகும், இந்தப் போகத்துக்கு உதவாது. கறுத்த காயைக் கிள்ளிப் போட்டுவிட்டு, தொட்டி மண்மேல் இரண்டு அங்குலம் காய்ந்த இலை மூடாக்குப் போட்டு, தினமும் ஒரே நேரத்தில் ஒரே அளவு தண்ணீர் கொடுங்கள். யூரியா போடுகிறீர்கள் என்றால் நிறுத்துங்கள். அடுத்த கொத்தில் சரியாகும்.

பக்கக் கிளையைக் கிள்ள வேண்டுமா? (பலர்)

முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போகும் கொடி ரகம் என்றால் கிள்ளலாம், ஒரு தண்டோ இரண்டு தண்டோ போதும். குட்டையாகப் புதராக நிற்கும் ரகத்தில் முதல் பூங்கொத்துக்குக் கீழே உள்ளதை மட்டும் எடுங்கள். மேலே கிள்ளினால் காயைக் கிள்ளியதாகத்தான் ஆகும்.

நேற்று வரை பச்சையாக நின்ற செடி இன்று காலை தலை தொங்கிவிட்டது. தண்ணீர் ஊற்றியும் எழவில்லை. (தஞ்சாவூர்)

தண்டின் அடிப்பகுதியில் மூன்று அங்குலம் வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டுவாய் மூழ்கும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நூல் மாதிரி வெள்ளையாக ஒன்று இறங்கினால் அது பாக்டீரியா வாடல். இறங்காவிட்டால் வேரழுகலாக இருக்கலாம், தொட்டியின் வடிகால் துளை அடைத்திருக்கிறதா பாருங்கள்.

எனக்கும் நடந்திருக்கிறது. ஒரு வருஷம் சோம்பல்பட்டு வெளியில் நாற்று வாங்கி நட்டேன். எட்டுத் தொட்டி, பத்தே நாளில் ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. எல்லா டம்ளரிலும் பால் நூல். நாற்றோடு ஒட்டிவந்த மண்ணில் நோய் இருந்திருக்கிறது. அதைவிட மடத்தனம், செத்த செடியை வெட்டிய அதே கத்தரியால் நல்ல செடியையும் கவாத்து செய்தது.

அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் வேண்டாம். கீரையோ வெண்டையோ போடுங்கள். வாடல் வந்த வீட்டில் வேறு மண்ணில் தக்காளி வைக்க அர்கா ரக்ஷக், அர்கா சாம்ராட் இரண்டும் பொருத்தம். இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றுக்கும் சேர்த்து எதிர்ப்பு வைத்து பெங்களூர் ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியவை.

பழம் பார்க்க அழகு, ரசம் வைத்தால் புளிப்பே இல்லை. என் மாமியார் "இது பிளாஸ்டிக் தக்காளி" என்கிறார். (மதுரை)

மாமியார் சொல்வதில் விஷயம் இருக்கிறது. பி.கே.எம்.1 ஒன்றையும் உங்கள் ஹைபிரிட் ஒன்றையும் குறுக்கே வெட்டி அருகருகே வையுங்கள். முன்னதில் அறைகள் நிறைய, விதையைச் சுற்றிக் கொழகொழவென்ற சாறு நிறைய. பின்னதில் இரண்டு மூன்று அறைதான், சுற்றிலும் தடித்த சதை. புளிப்பு பெரும்பாலும் அந்தக் கொழகொழப்பில் இருக்கிறது. லாரியில் நசுங்காமல் போகத் தடித்த சதை வேண்டும் என்று தேர்ந்தெடுத்தார்கள், புளிப்பு குறைந்துபோனது.

இன்னொன்று, பி.கே.எம்.1 காய்க்குக் காம்புப் பக்கம் கரும்பச்சைத் தோள் இருக்கும். ஒரே சீராகச் சிவக்கும் பழத்துக்காக அந்தத் தோளை எடுத்த மரபணுத் திடீர்மாற்றம், பழத்தின் சர்க்கரையையும் கொஞ்சம் குறைத்துவிட்டது என்று 2012-இல் கண்டுபிடித்தார்கள்.

கையில் இருக்கும் பழத்தையாவது செடியிலேயே நன்றாகச் சிவக்க விட்டுப் பறியுங்கள். பழுக்கும் வாரத்தில் தண்ணீரைச் சற்றுக் குறையுங்கள், ஒரேயடியாகக் காயப்போட வேண்டாம். பிரிட்ஜில் வைக்காதீர்கள், வாசனை போய்விடும். தொக்குக்கும் குருமாவுக்கும் இந்தத் தடித்த சதைதான் சுகம், தண்ணீர் வற்றக் காத்திருக்க வேண்டாம். ரசத்துக்கு, அடுத்த மார்கழியில் மாமியார் பெயரில் ஒரு தொட்டி பி.கே.எம்.1 வைத்துவிடுங்கள்.