நச்சுக்கொடியும் பிள்ளையின் நிறையும்: வாசகியர் கேள்விகள்

எனக்கு 32 கிழமை. பிள்ளை நிறை குறைவு, நச்சுக்கொடியில் இரத்த ஓட்டம் காணாது என்கிறார்கள். முதல் மாதங்களில் சத்தியால் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அதனாலா? (கோப்பாய்)

இல்லை, தங்கச்சி. முதலில் அந்தக் குற்ற உணர்வை விடுங்கள். தாயின் இரத்தத்திலிருந்து பிள்ளைக்கு ஒட்சிசனும் உணவும் எடுத்துக் கொடுக்கும் உறுப்புத்தான் நச்சுக்கொடி. கர்ப்பத்தின் முதல் பாதியில் அதன் கலங்கள் கருப்பைச் சுவருக்குள் இறங்கி, அங்குள்ள சுருள் நாடிகள் என்ற இரத்தக் குழாய்களின் தசையை நீக்கி அவற்றைப் பல மடங்கு அகலமாக்கும். ஏறத்தாழ 20 கிழமைக்குள் இந்த வேலை முடிய வேண்டும். முடிந்தால், பிரசவம் நெருங்கும்போது நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லிலீற்றர் இரத்தம் கருப்பைக்குப் பாயும். சிலருக்கு நாடிகள் குறுகலாகவே நின்றுவிடும். நச்சுக்கொடிக்குள் பிள்ளையின் பக்கத்து நுண்குழாய்களும் போதியளவு கிளைவிடாது. சத்தி எடுத்ததால் வருகிற காரியமல்ல இது. இப்படியான தாய்மாருக்குப் பிரஷரும் ஏறக்கூடும். கிளினிக்கில் பிரஷர், சலம் பார்ப்பதைத் தவறவிடாதீர்கள்.

மாமி இரண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பிடச் சொல்கிறா. சாப்பிட்டால் நிறை கூடுமா? (சாவகச்சேரி)

திரிபோஷா, முட்டை, மீன், முருங்கையிலை எல்லாம் உங்கள் உடம்புக்குத் தேவை, சாப்பிடுங்கள். ஆனால் வாய்க்கால் அடைபட்டிருந்தால் கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் பாத்தி காயத்தான் செய்யும். இரட்டிப்புச் சோறு அந்த நாடிகளை அகலமாக்காது.

தலை அளவு சரி, வயிறுதான் சின்னது என்று திரும்பத் திரும்ப ஸ்கான் எடுக்கிறார்கள். ஏன்? (நெல்லியடி)

ஒட்சிசன் குறையும்போது பிள்ளை மூளைக்கும் இதயத்துக்கும்தான் முதலில் இரத்தத்தை அனுப்பும். ஈரலில் சேமிப்புக் குறைவதால் வயிற்றுச் சுற்றளவு சிறுக்கிறது. இரத்த ஓட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கானில் தொப்புள்கொடி நாடியைப் பார்க்கிறார்கள். பிள்ளையின் இரண்டு இதயத் துடிப்புகளுக்கு இடையிலும் இரத்தம் நச்சுக்கொடியை நோக்கி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றாலோ, இன்னும் மோசமாகப் பின்னோக்கித் திரும்பினாலோ, வார்ட்டில் வைத்துப் பார்த்து, எப்போது பிள்ளையை வெளியே எடுப்பது என்று தீர்மானிப்பார்கள். அந்த முடிவுக்கு ஸ்கான்தான் ஆதாரம். சலிக்காமல் போங்கள்.

முதல் பிள்ளை 1.9 கிலோ. அடுத்ததும் அப்படியா? (பருத்தித்துறை)

கட்டாயம் அப்படித்தான் என்றில்லை. நாள் தள்ளிய உடனேயே மிட்வைஃபிடம் பதிந்து, பழைய கார்டை டொக்டரிடம் காட்டுங்கள். சிலருக்கு 16 கிழமைக்கு முன்பே குறைந்த அளவு அஸ்பிரின் தொடங்குவார்கள். நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். வீட்டுக்குள் சிகரெட் புகை அறவே கூடாது.

வயிற்றில் பிள்ளையின் துடிப்பு (அசைவு) குறைந்தால், இனிப்பாக ஏதும் குடித்துவிட்டு விடியும்வரை பார்க்கலாமா? (மானிப்பாய்)

பார்க்கவே வேண்டாம். இரவென்றாலும் அப்போதே கார்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.