ஒளிரும் பனியனுக்கு எத்தனை கோட்டிங்?

மின்சாரம் கொடுத்தால் சூடேறாமல் ஒளிரும் ஈ.எல். (எலக்ட்ரோலூமினசென்ட்) ஷீட் பற்றி வந்த கேள்விகளுக்கு, கோவை கணபதியில் சின்னதாகப் பட்டறை வைத்திருப்பவனின் பதில்கள்.

திருப்பூர், பிரிண்டிங் பட்டறை: ஏனுங்ண்ணா, பனியன்ல மின்னற எழுத்து வேணும்னு பார்ட்டி கேக்கறாங்க. நம்ம பிரேமும், மை இழுக்கற ஸ்குவீஜியும் போதுமுங்களா?

போதுங்க, மைதான் வேறு. இண்டியம் டின் ஆக்சைடு பூசிய தெளிவான பிலிம் வாங்குங்கள். மின்சாரம் கடத்தும், வெளிச்சத்தையும் விடும். அதன்மேல் ஒளிரும் தூளான துத்தநாக சல்ஃபைடு பாஸ்பர் கலந்த மை, அடுத்து காப்புக்குப் பேரியம் டைட்டனேட், கடைசியாக வெள்ளி அல்லது கார்பன் பேஸ்ட். ஒவ்வொரு கோட்டும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. வெளிச்சம் பிலிம் வழியாக வருவதால் எழுத்தைத் திருப்பிப் போட்டு ஸ்கிரீன் எடுங்கள். இதை மறந்து ஒரு லாட்டையே வீணாக்கியிருக்கிறேன். நேரடியாகத் துணியில் அடிப்பதென்றால் வரிசை தலைகீழ்: வெள்ளி அடியில், தெளிவான கடத்தி மேலே. அது பெரிய பாடு. பிலிமில் அடித்து, துவைக்கும்போது கழற்றி வைக்கிற மாதிரி கொடுங்கள்.

ஈரோடு, கல்லூரி மாணவர்: பேரியம் டைட்டனேட் ஒளிர்வதே இல்லையே, அது எதற்கு?

தம்பி, மொத்த ஷீட்டும் அதை நம்பித்தான் நிற்கிறது. பாஸ்பர் என்பது குருணை குருணையான தூள். பிரிண்ட் அடித்தால் ஊசிமுனை ஓட்டைகள் விழத்தான் செய்யும். பின்னால் காப்பு இல்லையென்றால் வெள்ளி அந்த ஓட்டைக்குள் இறங்கி ஷார்ட் ஆகிவிடும். மை மிச்சம் பிடிக்க ஒரே கோட்டோடு நிறுத்திப் பார்த்தேன். சுவிட்சைப் போட்டதும் 'சட்'டென்று ஒரு பொறி. எழுத்தின் நடுவில் கடுகளவு கறுப்பு. அப்புறம் எப்போதும் இரண்டு கோட்தான். இன்னொன்று, அதன் மின்காப்பு மாறிலி, அதாவது மின்புலத்தில் சார்ஜைத் தேக்கும் திறன், அதிகம். அதனால் வோல்டேஜில் பெரும்பங்கு பாஸ்பர் மேலேயே விழும், வெளிச்சம் கூடும்.

பொள்ளாச்சி: பைக் பேட்டரியில் நேரடியாகக் கொடுக்கலாமா?

எரியாது. இது பல்பு இல்லை, தட்டையான கெப்பாசிட்டர். டி.சி.யில் சார்ஜ் ஏறி அப்படியே நின்றுவிடும். சின்ன இன்வெர்ட்டர் வைத்து 100 வோல்ட் அளவில் ஏ.சி. கொடுக்க வேண்டும். கொசு மாதிரி 'ஙொய்'யென்று சத்தம் வரும், பயப்படாதீர்கள். ஆனால் உடம்பில் போடுகிற பொருள். ஓரமெல்லாம் லேமினேட் செய்யாமல் கொடுக்கவே கூடாது.

கோவை: போன் ஸ்கிரீனில் வரும் ஓலெட்டும் (OLED) இதுதானே?

இல்லைங்க. 1987-இல் கோடாக் நிறுவனத்தின் டாங்கும் வான்ஸ்லைக்கும் காட்டியது வேறு வழி. இரண்டு மெல்லிய கரிமப் படலங்கள், 10 வோல்ட்டுக்கும் குறைவான டி.சி. ஒரு பக்கம் எலக்ட்ரானும் மறுபக்கம் துளையும் (எலக்ட்ரான் இல்லாத காலியிடம்) நுழைந்து, நடுவில் சந்தித்து ஒளியாகின்றன. அந்தப் படலங்களை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்தார்கள். நம் ஸ்குவீஜிக்கு அங்கே வேலையில்லை.

கரூர்: எத்தனை நாள் வரும்?

பல்பு மாதிரி பட்டென்று போகாது, மங்கிக்கொண்டே வரும். பிரீக்வென்சியை ஏற்றினால் பளிச்சென்று இருக்கும், சீக்கிரம் மங்கும். ஈரம் புகுந்தால் இன்னும் சீக்கிரம்.