பூனைக்கு ஒவ்வாத சாப்பாடு எது? கால்நடை மருத்துவர் பதில்கள்

எங்கள் பூனை கழுத்தையும் காதோரத்தையும் விடாமல் சொறிகிறது. தினமும் மத்தி மீனும் சோறும்தான் போடுகிறேன். மீன் அலர்ஜியாக இருக்குமா டாக்டர்? (வாசகி, தூத்துக்குடி)

இருக்கலாம். பூனைகளுக்கு அலர்ஜி தரும் உணவுகளில் மாட்டிறைச்சி, மீன், கோழி மூன்றும்தான் முன்வரிசை. தலை, கழுத்து, காது என்று அரிப்பதும் உணவு அலர்ஜியில் அடிக்கடி பார்ப்பதுதான். ஆனால் மீன்மேல் பழி போடும் முன் தெள்ளுப்பூச்சியைப் பாருங்கள். நம் ஊர்ச் சூட்டில் அதற்கு வருஷம் முழுக்கக் கொண்டாட்டம். “ஒரு பூச்சிகூடக் கண்ணில் படவில்லையே” என்பார்கள். எப்படிப் படும்? பூனை நக்கியே விழுங்கிவிடும்.

பேன் சீப்பால் வாலடியையும் முதுகையும் சீவி, வருவதை நனைத்த வெள்ளைப் பஞ்சில் தட்டுங்கள். மிளகுத்தூள் போல விழும் கறுப்புப் பொடியைச் சுற்றிச் சற்று நேரத்தில் செம்பழுப்பு நிறம் கசிந்தால் அது தெள்ளின் எச்சம். கசிவது உங்கள் பூனையின் ரத்தம்தான். மருந்து வாங்கும்போது பூனைக்கானதா என்று கேட்டு வாங்குங்கள். நாய்களுக்கான சில தெள்ளு மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை வரவழைத்து உயிரையே எடுத்துவிடும்.

காதுப் பூச்சி, படர்தாமரை இரண்டையும் மருத்துவரிடம் காட்டி இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டுக் குழந்தைகளின் கையிலும் வட்டமாகப் படை தெரிந்தால் படர்தாமரையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அலர்ஜி இல்லாவிட்டாலும் வெறும் மத்தியிலேயே பூனையை வளர்க்காதீர்கள். கொழுப்பு மிகுந்த மீனை மட்டுமே தின்றால் வைட்டமின் ஈ குறைந்து, உடம்பிலுள்ள கொழுப்பு வீங்கி, தொட்டாலே வலிக்கும் நிலை வரும்.

ரத்தப் பரிசோதனை செய்தால் எந்த உணவு சேரவில்லை என்று தெரிந்துவிடாதா? (வாசகர், கோயம்புத்தூர்)

தெரியாது. ரத்தம், முடி, எச்சில் எதை வைத்துச் செய்தாலும் உணவு அலர்ஜிக்கு நம்பகமான விடை கிடைப்பதில்லை. நன்றாக இருக்கும் பூனைக்கே நீளமான பட்டியல் வரும். அந்தப் பணத்தை அடுத்த கேள்வியில் வரும் சோதனை உணவுக்கு, அதாவது பழையதை நிறுத்திவிட்டு அதை மட்டும் கொடுத்து அரிப்பு அடங்குகிறதா என்று பார்க்கும் உணவுக்கு, செலவழிக்கலாம்.

மருத்துவர் சொன்னபடி தனி உணவுக்கு மாற்றி 3 வாரம் ஆகிறது. அரிப்பு அப்படியேதான் இருக்கிறது. நிறுத்திவிடலாமா? (வாசகி, சென்னை)

இப்போது நிறுத்தினால் இதுவரை செய்த செலவு வீண். வாந்தி, பேதி என்றால் 2, 3 வாரத்தில் மாற்றம் தெரியும். தோலுக்கு அது போதாது. 8 வாரமாவது தர வேண்டும், சில பூனைகளுக்கு இன்னும் கூடுதலாக.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பையில் பாருங்கள். ஒரு வகை ஹைட்ரோலைஸ்டு உணவு. அதில் புரதத்தை, உடம்பின் எதிர்ப்புச் சக்தி அடையாளம் காண முடியாத அளவுக்குச் சின்னச் சின்னதாக உடைத்திருப்பார்கள். இன்னொன்று, பூனை இதுவரை தின்றே இராத இறைச்சி, உதாரணமாக முயல். கோழிக்குப் பதில் காடை, மாட்டுக்குப் பதில் ஆடு என்று போவதை நான் விரும்புவதில்லை. உறவுக்கார இறைச்சிகள், ஒன்றுக்கு அலர்ஜி என்றால் மற்றதற்கும் வர வாய்ப்புண்டு. கடையில் ‘முயல்’ என்று படம் போட்ட சாதாரணப் பையை வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. பொருள் பட்டியலின் நடுவில் கோழிக் கொழுப்போ மீன் எண்ணெயோ உட்கார்ந்திருக்கும்.

அப்புறம், உணவு சரியாக இருந்தும் பலன் இல்லை என்றால், திருட்டுத் தீனியைத் தேடுங்கள். என் அனுபவத்தில் இந்தச் சோதனை தோற்பது கிண்ணத்தில் அல்ல, கிண்ணத்துக்கு வெளியே. பாட்டி இரக்கப்பட்டுப் போடும் மீன் தலை, பக்கத்து வீட்டு மொட்டைமாடித் தட்டு, பிள்ளைகள் பிதுக்கித் தரும் க்ரீம் ட்ரீட், இறைச்சிச் சுவை சேர்த்த பூச்சி மாத்திரை என எல்லாமே கணக்கில் வரும். சுவரில் ஓடும் பல்லியும் இறைச்சிதான். 8 வாரமும் பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். வேறு பூனை இருந்தால் தனி அறையில் சாப்பாடு போடுங்கள்.

குணமானதும் பலரும் செய்யத் தயங்கும் வேலை ஒன்று உண்டு: பழைய உணவையே திரும்பக் கொடுப்பது. 2 வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால்தான் உணவு அலர்ஜி என்று உறுதி. திரும்பாவிட்டால் குணமானதற்கு வேறு காரணம் இருக்கிறது. உறுதியானால் மீண்டும் சோதனை உணவுக்குப் போய், அரிப்பு அடங்கியதும் கோழி மட்டும், பிறகு மீன் மட்டும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள்.

ஊசி போட்டால் அரிப்பு நிற்கிறது, ஒரு மாதத்தில் திரும்ப வருகிறது. ஊசியையே தொடரலாமா? (வாசகர், திருச்சி)

அது பெரும்பாலும் நாள்பட வேலை செய்யும் ஸ்டீராய்டு. திரும்பத் திரும்பப் போட்டால் பூனைக்குச் சர்க்கரை நோய் வரக்கூடும். தாங்க முடியாத அரிப்புக்குச் சோதனையின் தொடக்கத்தில் குறுகிய கால மாத்திரை தரலாம், கடைசி வாரங்களில் மருந்தே இருக்கக் கூடாது. இருந்தால் குணமாக்கியது உணவா மருந்தா என்று யார் சொல்வது? வீட்டில் கிடக்கும் ஜலதோஷ மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் பழக்கமும் வேண்டாம். அதில் பாராசிட்டமால் இருந்தால் பூனைக்கு அது விஷம்.

நாங்கள் சைவம். அசைவத்தால்தான் அலர்ஜி என்றால், தயிர்சாதம் மட்டும் போட்டுவிடலாமே? (வாசகி, கும்பகோணம்)

கூடாது. டாரின் என்ற சத்தைப் பூனை தன் உடம்பில் போதுமான அளவு தயாரித்துக்கொள்ள முடியாது, இறைச்சியிலிருந்துதான் எடுக்கும். அது குறைந்தால் இதயம் வீங்கும், கண் பார்வை போகும். பால் குடித்ததும் பேதியாவது வேறு சங்கதி. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காது, அது அலர்ஜி அல்ல. சமைத்த இறைச்சியைத் தொடக்கூடத் தயக்கமென்றால், சத்துகள் முழுமையாகச் சேர்த்த ஹைட்ரோலைஸ்டு உலர் உணவே உங்களுக்கு வசதி.

புது உணவை முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறான். பட்டினி போட்டால் வழிக்கு வருவான் என்கிறார்கள். (வாசகர், மதுரை)

நாய்க்கு வேண்டுமானால் அது பலிக்கலாம். பூனை, அதுவும் குண்டுப் பூனை, சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே கொழுப்பு ஈரலில் சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகும். பழைய உணவில் கால் பங்கு புதியதைக் கலந்து தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் முழுவதும் மாற்றுங்கள். 8 வாரக் கணக்கு முழுதாக மாறிய நாளிலிருந்துதான் தொடங்கும். ஈர உணவாக இருந்தால் லேசாகச் சூடாக்குங்கள், வாசனைக்கு வருவான். ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். வேறு நிறுவனத்தின் சோதனை உணவையும் முயன்று பார்க்கலாம்.